தலை தூக்குற வியாதி

அடித்தேன். பந்து அங்கேயே இருந்தது.

பச்சை விரிப்பின் மேல் முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் ஸ்டிக்கைச் சுற்றி முடித்து, தோள் திரும்பி, எண்பது யார்டு பலகைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பந்து எங்கே விழுகிறது என்று தேடுகிறேன். அது காலடியில் கிடக்கிறது.

பின்னால் ராணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“காத்து நல்லா வந்துச்சுக்கா. இன்னொரு தடவ சுத்துங்க. இங்க ஃபேனு வேற வேல செய்யல.”

“வாய மூடு.”

இரண்டாவது அடித்தேன். அது போனது. முன்னால் போகவில்லை, பக்கத்தில் போனது. தடுப்புப் பலகையில் பட்டுத் திரும்பி வந்து ராணியின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

ராணி குனிந்து பார்த்தாள். “என்னையவே கொல்லப் பாக்குறீங்களா? டெஸ்டுக்கு ஒரு ஆளு கொறையும்னு பிளானா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவள் மேல் இல்லை. கையில் இருந்த இரும்பின் மேல்.

இருபத்திரண்டு வருஷம் இந்தக் கோல்ஃப் திடலில் இருக்கிறேன். ஒரு ஆள் ஸ்டிக்கைத் தூக்கும்போதே பந்து வலது பக்கம் போகுமா, தண்ணியில் போகுமா என்று சொல்லிவிடுவேன். அடிக்கத்தான் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது.

ஏன் அடிக்க வேண்டி வந்தது

போன வாரம் இதே பத்தியில் எஸ்டேட்டில் மருந்தடித்த கதையை எழுதினேன். பேரங்காடியில் இரண்டு பேர் நிறுத்தி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அப்புறம் இதுதான் ஆச்சு.

எஸ்டேட் நிலத்தில் பாதியை விற்றார்கள். செம்பனையைச் சாய்த்து, மண்ணை மேடும் பள்ளமுமாக ஆக்கி, புல் போட்டு, பதினெட்டு குழி வெட்டினார்கள். எங்கள் லயத்திலிருந்து நடந்து போகிற தூரம். பொம்பளை ஆட்கள் வேண்டும் என்றார்கள். போனோம்.

பெரிய மனிதர்கள் பந்து அடிப்பார்கள். நாங்கள் பை தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். இந்த வேலைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதினால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி ஆகிவிடும். அதனால் பை தூக்குகிற வேலை என்றே எழுதுகிறேன்.

முதலில் முப்பது பேர் இருந்தோம். பிறகு பக்கி வந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி. பையை அது தூக்கும், ஆளையும் அது தூக்கும். எங்களில் சிலர் ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். சிலர் பிள்ளைகளிடம் போனார்கள். கடைசியில் நானும் ராணியும்தான் மிச்சம்.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். இனிமேல் பை தூக்க ஆள் இல்லை என்றார். பந்து அடித்துப் பழகும் கொட்டகையில் இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. மாசச் சம்பளம், லீவு எல்லாம் உண்டு. பந்து பொறுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்டிக் பிடிக்கக் காட்ட வேண்டும்.

“காட்டறவங்களுக்கு அடிக்கத் தெரியணும்லா,” என்றார்.

டெஸ்ட் வைத்தார். பத்துப் பந்து. ஏழாம் நம்பர் ஸ்டிக். இரண்டு சிவப்புக் கம்புக்கு நடுவில், எண்பது யார்டு பலகையைத் தாண்டி, ஆறு பந்து போக வேண்டும். ஒரு மாதம் டைம்.

தாண்டவில்லை என்றால் என் மகள் கவிதா ஜொகூரில் அறை தயாராக வைத்திருக்கிறாள். பதினோராம் மாடி. அவள் நல்ல பிள்ளை. ஆனால் பதினோராம் மாடியில் நான் என்ன செய்வது? வீட்டுக்காரர் போன பிறகு நான் பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்ததே இல்லை. உட்காரவும் வராது.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

விஷயம் பரவியதும் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள்.

கவிதா வீடியோ அனுப்பினாள். ஒரு நாளைக்கு ஆறு ஏழு. வெள்ளைக்காரன் ஒருவன் இடுப்பைத் திருப்புகிறான், முட்டியை மடக்குகிறான், அம்புக்குறி போடுகிறான். போனில் கூப்பிட்டு, “பாத்தீங்களாம்மா?” என்பாள். பார்த்தேன் என்பேன். “புரிஞ்சதா?” என்பாள். “அவனுக்கு இடுப்பு இருக்கு,” என்பேன்.

கேன்டீனில் சமைக்கும் மலாய்க்கார அக்கா, மூச்சை இழுத்துப் பிடித்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். தலை சுற்றியது.

ஒரு வக்கீல் கட்டைவிரலில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். அவர் அடிக்கிற பந்து பாதி குளத்தில் கிடக்கிறது. அவர் கட்டைவிரலை நான் பார்க்காததா?

எல்லோரும் தவறாமல் சொன்னது ஒன்று. “நீ எஸ்டேட் கை. உனக்கு இதெல்லாம் சும்மா.”

இதைக் கேட்டால்தான் எனக்கு ரொம்ப எரியும். முதுகில் டப்பா கட்டிக் களைமருந்து அடித்தேன். இடது கை பம்ப் அடிக்கும், வலது கை குழாயை வீசும். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வரிசை வரிசையாக. வீச்சு ஒரே அளவாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் புல் சாகாமல் நிற்கும். அடுத்த வாரம் வேலை வாங்குகிற மண்டோர் அதைக் காட்டித் திட்டுவார்.

சரி, அதே மாதிரி வீசிப் பார்ப்போம் என்று அதையும் செய்தேன். பந்து கோணலாகப் போனது. மருந்துக் குழாய் வேறு, இது வேறு. அங்கே புல் ஓடாது. எந்தப் பக்கம் வீசினாலும் சாகும். இங்கே குறி சின்னது. எஸ்டேட் வேலை தந்தது தோள்பட்டை வலி ஒன்றுதான். அதுவும் இந்த விஷயத்தில் உதவவில்லை.

ராணி எப்படி அடித்தாள் என்றும் சொல்ல வேண்டும். ஸ்டிக்கைத் தூக்கினாள், போட்டாள். துணி துவைக்கிற மாதிரி. பார்க்கவே அசிங்கம். பந்து நேராகப் போனது. மூன்றாம் நாளே எட்டுப் பந்து தாண்டிவிட்டது.

“எப்புடிடி?”

“தெரியலக்கா. அடிச்சா போவுது.”

இவளிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

கைபேசியில் பார்த்தது

கொட்டகையில் சொல்லிக் கொடுக்கும் கோச் அஸ்மான். நாற்பது வயசு மலாய்க்காரர், மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவர். தங்கமான மனிதர். என்னைக் ‘கக்’ என்று கூப்பிடுவார், அக்கா என்று அர்த்தம். டெஸ்டில் அவர்தான் எண்ணப் போகிறவர். அதனால் அதிகம் சொல்லித் தரக்கூடாது. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கெப்பாலா. தலை.

“தலை தூக்குறீங்க கக்.”

“தூக்கல.”

“தூக்குறீங்க.”

“நான் தூக்கல.”

ராணி தன் கைபேசியை எடுத்தாள். “அடிங்க. புடிக்கிறேன்.”

அடித்தேன். கொண்டுவந்து காட்டினாள். மெதுவாக ஓடவிட்டாள். ஸ்டிக் இன்னும் என் தோளுக்கு மேல் இருக்கிறது. கீழே வரவே இல்லை. என் முகம் அதற்குள் எண்பது யார்டு பலகைக்குப் போய்விட்டது. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, பஸ் வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி நிற்கிறேன்.

“பந்த அடிக்கிறதுக்கு முன்னாடியே எங்க போச்சுன்னு தேடறீங்கக்கா,” என்றாள் ராணி. சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

காணாமல் போன பந்து

பை தூக்க வந்த முதல் வாரம். டத்தோ பட்டம் வாங்கிய ஒருவருக்குத் தூக்கினேன். அவர் அடித்தார். நான் அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல மஞ்சள். பந்து லாலான் புல்லுக்குள் போய்விட்டது. எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அவர் திட்டவில்லை. பையை என் தோளிலிருந்து எடுத்து, தானே தூக்கிக்கொண்டு நடந்தார். மிச்சம் பதினாறு குழிக்கும் நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பந்தைக்கூட நான் விட்டதில்லை. பந்து கிளம்பும் முன்பே கண்ணைத் தூரத்தில் போட்டுவிடுவேன். ஆகாயத்தில் பிடித்து, இறங்குகிற வரைக்கும் விடமாட்டேன். ஒரு தடவை உடும்பு ஒன்று பந்தை முட்டை என்று கவ்விக்கொண்டு போனது. எந்தப் புதர் என்று காட்டிக்கொடுத்தேன். உடும்பு அதைத் துப்பிவிட்டுப் போயிருந்தது. அடித்தவர் எச்சிலோடு எடுத்து விளையாடினார்.

பந்து விழுந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்குக் கூலி. சும்மா பையைத் தூக்க மாடு போதும்.

இப்போது அந்தக் கண்தான் என் வேலைக்கு உலை வைக்கிறது.

என்னென்னமோ செய்தேன். பந்து இருக்கிற இடத்தில் காசு ஒன்றை வைத்து, அடித்த பிறகு காசைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காசைப் பார்த்ததே இல்லை. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன். தொப்பியோடு சேர்ந்து தலை தூக்கியது. கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி முனையை வாயில் கடித்துக்கொண்டேன். அந்த வழியாகப் போன ஒரு மெம்பர், பல் வலியா என்று கேட்டார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றில் அடிக்கப் பழகினேன். ஒன்று, இரண்டு, அங்கேயே அடித்துவிடுவேன். மூன்று சொல்லும்போது கண் பலகையில் இருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கை அவசரப்படவில்லை. கண்தான் அவசரப்படுகிறது. அது பார்க்கப் போக வேண்டும் என்று கையை விரட்டுகிறது. கையை மெதுவாகப் போ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் கேட்காது. அதற்கு முதலாளி மேலே இருக்கிறான்.

விளங்கியது. விளங்கி என்ன? மறுநாளும் தலை தூக்கினேன். பத்துக்கு இரண்டு.

காதர் பாய்

காதர் பாய்க்கு டவுனில் மசாலா சாமான் கடை. அப்பா காலத்துக் கடை. இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். புதன், சனி இரண்டு நாள் விளையாட வருவார். பதினெட்டு வருஷம் அவர் பையை நான்தான் தூக்கினேன். பக்கி வந்த பிறகும் அவர் ஏறவில்லை. தனம் வரட்டும் என்பார், என்னைத்தான்.

அவர் அடி சகிக்காது. ஸ்டிக்கைப் பின்னால் அழகாகத் தூக்குவார். மேலே போனதும் பாம்பைக் கண்ட மாதிரி ஒரே போடு. புல் பிய்ந்து பறக்கும். “பெலான் பெலான் பாய்,” என்பேன். மெதுவாக என்று அர்த்தம். “சரி சரி,” என்பார். அடுத்த அடியும் பாம்புதான். பதினெட்டு வருஷமாக நான் சொன்னது அந்த இரண்டு வார்த்தை. அவர் கேட்டது ஒரு நாளும் இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அடித்ததும் பந்தைப் பார்க்கமாட்டார். குனிந்து, பந்து வைக்கிற ஆணியைப் பிடுங்கிக்கொண்டே, “எங்க?” என்பார். “வலப்பக்கம், ரெண்டாவது மரத்துக்கு முன்னாடி,” என்பேன். நடப்பார். முதலாளி மனுஷன், பார்க்கிற வேலையையும் நம்ம தலையில் கட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

டெஸ்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது கொட்டகைக்கு வந்தார். நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

“ராணி சொன்னிச்சு. பந்தப் பாக்கணும்னு தலையத் தூக்குறியாம்.”

“ஆமா.”

“நீ பாக்காத. நான் பாத்துச் சொல்றேன்.”

“உங்களுக்கு எதுக்கு பாய் இந்த வேல?”

“உக்காந்துகிட்டுத்தானே? அடி.”

அடித்தேன். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் கீழே வைத்தேன். பந்தின் மண்டையில் தட்டியது கையில் தெரிந்தது.

“நல்லா போச்சு,” என்றார் பாய். “சிவப்புக் கம்புக்கு உள்ள.”

நான் திரும்பிப் பார்த்தேன். பந்து விரிப்பின் ஓரத்தில் இடித்துப் பின்னால் உருண்டு, அவர் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

“பாய்.”

“ம்?”

“பந்து உங்க கால்கிட்ட கெடக்கு.”

அவர் குனிந்தார். கையால் தடவினார். செருப்புக்கு வலது பக்கம் தடவினார், பந்து இடது பக்கம் இருந்தது. நான் போய் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் முன்னால் குனிந்து கண்ணைப் பார்த்தேன்.

“எத்தன வருசமா?”

“தூரத்துல உள்ளது அஞ்சாறு வருசமா. கிட்டத்துல இப்பதான்.”

“டாக்டர்?”

“ஆப்பரேசன் பண்ணலாம்ங்கிறாரு. பண்ணலாம். பசங்க கிட்ட சொல்லிராத. வெளையாட விடமாட்டானுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அஞ்சாறு வருஷம். இந்த மனிதரை முதலாளித்தனம் என்று மனதுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

“அப்ப பொய்யி சொல்லி ஏமாத்தப் பாத்தீங்களா? எனக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு பாய். வெளையாட்டா?”

“ஏமாத்தல. நீ சொல்ற எடத்துக்கு நான் நடந்தேன். ஒரு நாளாவது என் பந்து எங்கன்னு நான் பாத்தேனா? நீ சொன்னா சரியா இருக்கும். அந்த மாதிரி நான் உனக்குச் சொல்லலாம்னு பாத்தேன்.”

“நான் சொன்னது சரியா இருந்திச்சு. நீங்க சொன்னது கால்கிட்ட கெடக்கு.”

அவர் சிரித்தார். பிறகு, “சத்தம் கேக்கலையே, அதான் எனக்கே சந்தேகமா இருந்திச்சு,” என்றார்.

“என்னா சத்தம்?”

“நல்லா பட்டா ஒரு சத்தம் வரும்லா. டொக்குன்னு. நம்ம கடையில கொட்டப்பாக்கு ஒடைக்கிற மாதிரி. நீ இப்ப அடிச்சது தட்டுன்னு கேட்டிச்சு.”

“அப்ப தட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு.”

“மனசு கஷ்டத்த நான் பாத்துக்குறேன். சத்தத்த சொல்லுங்க.”

டொக்கும் தட்டும்

பத்து நாளும் வந்தார். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எப்படியும் தெரியாது, திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது என்பார்.

நான் அடிப்பேன். அவர் சொல்வார்.

“தட்டு.”

“தட்டு.”

“மண்ணு.” தரையில் முதலில் பட்டால் அப்படி.

“தட்டு. அவசரம்.”

இந்தக் கடைசி வார்த்தையை அந்த மனிதர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று எனக்கு விதி. பாம்படி அடிக்கிறவர் என்னை அவசரம் என்கிறார்.

“பாய், நீங்க பேசாதீங்க. சத்தத்த மட்டும் சொல்லுங்க.”

“சத்தத்துலயே தெரியுதுமா. ஸ்டிக்கு வர்ற காத்து சத்தம் பந்துக்கு முன்னாடியே கேக்குது. பட்ட பெறகுதான் கேக்கணும்.”

நான் அதையும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். மேலேயே முறுக்கி இழுத்தால் விஷ் என்று மேலேயே கேட்கிறது. பந்துக்கு வரும்போது ஸ்டிக்கில் ஒன்றும் மிச்சம் இல்லை. மேலிருந்து சும்மா விழவிட்டால் விஷ் கீழே வருகிறது, பந்தைத் தாண்டிக் கேட்கிறது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பார்த்தேனே தவிர, கேட்டதில்லை.

நாலாம் நாள் முதல் டொக் வந்தது. பாய் சொல்லத் தேவையில்லை. எனக்கே கேட்டது. அதைக் கேட்க வேண்டும் என்று காதைக் கீழே வைத்திருந்தேன். காது கீழே இருந்ததால் தலையும் கீழே இருந்தது. இதுதான் சங்கதி. தலையைத் தூக்காதே என்றால் தூக்கும். கேட்பதற்கு ஒன்று கொடுத்தால் அங்கேயே இருக்கும்.

ஆனாலும் தினமும் நன்றாகப் போனதில்லை. ஒரு நாள் பத்துக்கு ஏழு. மறுநாள் மூன்று. ஏழு வந்த பிறகு நான் ஆசையில் ஒரு பந்தை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அழகாக வளைந்து போனது. அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. கண் ருசி கண்டுவிட்டது.

கவிதா போன் செய்தாள். “எப்படிம்மா போவுது?”

“கண்ண மூடிக்கிட்டு ஒருத்தர் சொல்லிக் குடுக்கிறாரு.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. வீடியோ அனுப்பாத. டேட்டா தீருது.”

தகரக் கூரை

டெஸ்ட் நாள் மத்தியானம் மழை பிடித்தது.

இடி இல்லை. இடி என்றால் சைரன் ஊதி எல்லோரையும் உள்ளே கூப்பிடுவார்கள், டெஸ்டும் தள்ளிப்போகும். இது சும்மா மழை. ஆனால் கொட்டகைக்குத் தகரக் கூரை. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. மேனேஜர் குடையோடு வந்து அஸ்மான் காதில் கத்தினார். அஸ்மான் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஆரம்பிக்கலாம்.

ராணி முதலில். தூக்கினாள், போட்டாள். தூக்கினாள், போட்டாள். ஏழு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் போய் நின்றேன். பின்னால் நாற்காலியில் பாய். அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

முதல் பந்து. அடித்தேன். சத்தம் வரவில்லை. மழைதான் கேட்டது. காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் கண் கிளம்பிவிட்டது. பந்து புல்லில் உருண்டு போனதை நன்றாகப் பார்த்தேன்.

இரண்டாவதும் அப்படியே.

எனக்கு அழுகை எல்லாம் வராது. வெறுப்பு வந்தது. பத்து நாள் ஒரு மனிதரை உட்காரவைத்து, கஷ்டப்பட்டு ஒரு சத்தத்தைப் பிடித்தால், அன்றைக்குப் பார்த்து மழை. ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அஸ்மான் கையைக் காட்டிக் கேட்டார், என்ன என்று. ஒன்றும் இல்லை என்று காட்டினேன்.

கண் ஆகாது. காது இல்லை. மிச்சம் கை.

மூன்றாவது பந்து. மேலே தூக்கி, விழவிட்டேன். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. முதல் நாள் மாதிரி காற்றில் சுற்றிவிட்டேன் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். விரிப்பு காலியாக இருந்தது.

சத்தம் டொக் என்று வரும்போதெல்லாம் கையில் எதுவும் தெரியாது. தட்டு என்றால்தான் விரலில் சுரீர் என்று ஏறும். பத்து நாளும் கைக்கு அது தெரிந்துதான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

நாலாவது, ஒன்றும் இல்லை. ஐந்தாவது, சுரீர். ஆறாவது, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ணினால் நிமிர்ந்துவிடுவேன். பந்தை வைத்தேன், அடித்தேன், காலியான விரிப்பைப் பார்த்தேன், அடுத்ததை வைத்தேன். ஒன்பதாவதா பத்தாவதா தெரியவில்லை, ஒன்றில் நன்றாகச் சுரீர் என்றது. முழங்கை வரைக்கும் போனது.

கூடையில் பந்து தீர்ந்துவிட்டது.

அஸ்மான் கிட்டே வந்தார். கையில் அட்டை. நான் முகத்தையே பார்த்தேன். மலாய்க்காரர் முகம் சீக்கிரம் சிரித்துவிடும். இவர் சிரிக்கவில்லை, டெஸ்ட் வைக்கிறவர் மாதிரி நடிக்கிறார். காதுக்குப் பக்கத்தில் வந்து ஆறு விரலைக் காட்டினார்.

“அனாமா?” என்று கேட்டேன். ஆறா என்று.

“அனாம், கக்.”

ராணி என் முதுகில் ஒரு அறை விட்டாள். பாய், “என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்கலா,” என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கம் குனிந்து சொன்னேன். “அப்ப உம்பாய் கடையில மீனு சாப்பாடு,” என்றார். “நீ முள்ளு எடுத்துக் குடுக்கணும். எனக்குத் தெரியாது.”

“ஆப்பரேசன் பண்ணுங்க. நீங்களே எடுத்துத் தின்னலாம்.”

பிறகு அஸ்மானிடம் கேட்டேன். “எந்த ஆறு?”

“என்ன?”

“எந்த ஆறு பந்து தாண்டிச்சு? எங்க விழுந்திச்சு?”

அவர் அட்டையைக் காட்டினார். சும்மா ஆறு கோடு. மழைச் சாரலில் மை கலைந்திருந்தது. “அதெல்லாம் எழுதல கக். தாண்டிச்சு, அவ்வளவுதான்.”

மழை விட்டதும் மேனேஜர் சட்டை கொடுத்தார். பின்னால் எழுத்துப் போட்ட நீலச் சட்டை. இன்றைக்கே ஆரம்பிக்கலாம், பந்து பொறுக்க வேண்டும் என்றார். ராணி இடது பக்கம் போனாள். நான் பொறுக்குகிற வாளியை எடுத்துக்கொண்டு எண்பது யார்டு பலகையைத் தாண்டி நடந்தேன்.

அங்கே காலையிலிருந்து அடித்த பந்து எல்லாம் ஈரப் புல்லில் கிடந்தது. இருநூறு, முந்நூறு இருக்கும். ஒவ்வொன்றிலும் கிளப்பின் அதே சிவப்புக் கோடு. எல்லாம் ஒரே மாதிரி.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யார் பந்து எங்கே விழுந்தாலும் காட்டுவேன். என் ஆறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பொறுக்கினேன்.